ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கிய புகை

நான் இங்கே எழுதப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் கோமுகி அணைத் தண்ணீர் மதகு வழியாக மேலே ஏறி மலைக்கே திரும்பிப் போகட்டும். எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தண்ணீர் கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே தாராளமாக மேலே படிக்கலாம்.

வெள்ளிமலைக் கண்ணாயிரத்திடம் ஒரு டீசல் ஜீப் இருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வெள்ளிமலைக்கும், அதற்கு அப்பால் பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். அது விடுகிற புகையைப் பற்றி நிறையப் பேர் நிறைய மிகைப்படுத்திச் சொல்வார்கள். நான் அளவாகச் சொல்கிறேன். கச்சிராயபாளையம் டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஜீப் எந்த வளைவில் இருக்கிறதென்று சொல்லிவிடலாம். பின்னால் வருகிற பஸ், பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொள்ளும். ஒரு கல்யாணத்துக்காக வெள்ளை வேட்டி சட்டையில் மொபெட் ஓட்டிக்கொண்டு அதன் பின்னால் போன ஒருவரை, மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் 'சாமி சரணம்' என்று கும்பிட்டார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர் என்று நினைத்துவிட்டார்கள். அவரும் வேறு வழியில்லாமல் கல்யாண விருந்தில் கறிச்சோறு சாப்பிடாமல் திரும்பி வந்தார்.

ஆனால் அந்த வண்டி இல்லையென்றால் அந்த மலை ஊர்களுக்கு வேறு நாதி கிடையாது. நெஞ்சுவலி என்றாலும் அதுதான், பிரசவம் என்றாலும் அதுதான், பலாப்பழம் சந்தைக்குப் போவதென்றாலும் அதுதான். கண்ணாயிரத்துக்கும் வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. ஒருமுறை மாட்டு வண்டி ஓட்டச் சொன்னபோது கியர் எங்கே என்று தேடினார்.

இப்படி இருக்கையில் டெல்லியிலிருந்து ஒரு சட்டம் வந்தது. சென்னையிலிருந்தும் ஒன்று வந்தது.

சென்னைச் சட்டம் முதலில் கண்ணாயிரத்தின் வீட்டுக்குள்தான் நுழைந்தது. மலைப் பாதை பஸ்ஸிலும் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனதும், அவர் மனைவி குஞ்சம்மாள் புருஷனுடைய ஜீப்பில் ஏறுவதை நிறுத்திவிட்டார். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜீப்பை முந்தும்போது கையாட்டிக்கொண்டு போவார்.

"கட்டினவன் வண்டியில ஏறுனா இடுப்பு கழண்டு பூடுது. சர்க்காரு வண்டியில சும்மா குந்திக்கினு போறேன். இன்னா தப்பு?" என்பார்.

டெல்லிச் சட்டம் அதைவிடக் கடுமையாக இருந்தது. வயசான வாடகை வண்டிகளை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்டும்போது இனி கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, போகட்டும் என்று விடக்கூடாது. இயந்திரம் வைத்துப் புகையை அளக்க வேண்டும். அளவு தாண்டினால் வண்டி பழைய இரும்பு. சர்க்கார் வண்டிகளுக்கோ சோதனையும் கிடையாது. பதினைந்து வயசு ஆனால் போதும், நிறுத்திவிட வேண்டியதுதான்.

கண்ணாயிரத்தின் ஜீப்புக்கு எஃப்.சி. முடிகிற நாள் வந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் சாமைச் சோறு தின்னச் சொல்லியிருந்ததால், வெள்ளிமலைக்குப் போய் நல்ல சாமையாக வாங்கி வரலாம் என்று காலையிலேயே அந்த ஜீப்பில் முன்சீட்டைப் பிடித்து வைத்திருந்தேன். வண்டி மலைக்குப் போகாமல் நேரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனது. நானும் போனேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் கோகிலவாணி மேடம் நல்ல மனுஷி. சட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. சைலன்சருக்குள் கம்பியை நுழைத்து, "மிதிங்க" என்றார். கண்ணாயிரம் மிதித்தார். ஆபீஸ் காம்பவுண்டில் காலையிலேயே பொழுது சாய்ந்து, காக்கைகள் கூடு திரும்பின. இயந்திரத்தில் எண் ஏறி ஏறி நூறைத் தொட்டது. அதற்கு மேல் அதற்கு எண் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

"மேடம், ரெண்டுதான் காட்டுது. இத எழுதிக்கினீங்கன்னா நான் கெளம்பிடுவேன்" என்றார் கண்ணாயிரம்.

"அது ரெண்டாவது ரவுண்டுங்க."

"கம்மியாத்தானே காட்டுது?"

"கண்ணாயிரம், இந்த வண்டி தேறாது."

கண்ணாயிரம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யாரோ இறக்கிவிடப் போகிறார்கள் என்பதுபோல.

மலைக்காரர்களுக்கு ஒரு தீராத நம்பிக்கை உண்டு. வண்டி புகை விடுவது வண்டியின் குற்றமில்லை, கீழ்நாட்டுக் காற்றின் குற்றம் என்பார்கள். "மேடம், கீழ இருக்கிற காத்த குடிச்சா எந்த வண்டியும் கறுப்பாத்தான் இருமும். எங்க மலைக்கு வந்து அளந்து பாருங்க. அங்க என் வண்டி பச்சக்கொழந்த மாதிரி மூச்சு வுடும்" என்றார் கண்ணாயிரம்.

மேடம் சிரிக்கவில்லை. அன்று பிற்பகல் வெள்ளிமலையில் ஓட்டுநர் உரிம முகாம். அவர் போயே ஆக வேண்டும். ஆபீஸ் ஜீப்போ பதினைந்து வயசு முடிந்து, டெல்லிச் சட்டப்படி புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அதன் பானட்டில் ஒரு கோழி அடைகாத்தது. பஸ்ஸும் போய்விட்டது. மேடம் கோழியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாயிரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் உங்களுக்கு எஃப்.சி. இருக்கு. அதனால நான் ஏறலாம். மேல போய் ஒரே ஒரு தடவை அளப்பேன். தேறுச்சுன்னா கையெழுத்து. இல்லன்னா மலையிலேருந்து நேரா இரும்புக்கடை. சம்மதமா?"

"ஏறுங்க மேடம்" என்றார் கண்ணாயிரம்.

மேடம் அளக்கிற இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சந்தையை விட்டு வரும்போது குஞ்சம்மாள் கையைக் காட்டினார். அவரும் பஸ்ஸை விட்டிருந்தார்.

"இன்னாம்மே, சர்க்காரு ஏமாத்திடுச்சா?" என்றார் கண்ணாயிரம்.

"வாய மூடிக்கினு ரோட்டப் பாரு" என்றபடி குஞ்சம்மாள் காலிச் சாக்குகளோடு பின்னால் ஏறினார்.

கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, மலைப் பாதை ஆரம்பித்தது. அந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். சும்மா ஒதுங்கினால் போதாது. மேலே எத்தனை வண்டி வருகிறது என்று ஏறுகிறவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அடுத்த வளைவில் ஒடிப்பார்கள்.

பாதி மலை ஏறியிருப்போம். திடீரென்று பறவைச் சத்தம் நின்றது. கண்ணாயிரம் ஹாரன் அடித்தார். வளைவுக்கு மேலே ஏதோ இறங்கி வருவது தெரிந்தது.

புகை.

மூட்டம் என்று சொல்லலாம் என்றால் முடியாது. மூட்டத்துக்கு இடது பக்கம் தெரியாது. இது ஒழுங்காக இடது ஓரம் பிடித்து, பாதையின் அகலத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டு, வளைவு வளைவாக இறங்கி வந்தது. அதன் வால் மலை உச்சியில் இருந்தது. நீலமும் கருப்புமாக, ஒரு மலையே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. மேடம் இயந்திரத்தை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எங்களைக் கண்டதும் அந்தப் புகை, பாதை அகலமாயிருந்த இடம் பார்த்து, பள்ளத்தின் பக்கம் ஒதுங்கி நின்றது.

கண்ணாயிரத்துக்கு என்ன ஏதென்று தெரியவில்லை. ஆனால் வழக்கம் வாயில் வந்துவிட்டது. "மேல வண்டி இருக்கா?" என்று கேட்டார்.

புகை பதில் சொன்னது. வாயால் இல்லை, வாசனையால். முதலில் புதுப் பெயிண்ட் வாசனையும், சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழ வாசனையும், கற்பூரமும் வந்தன. கண்ணாயிரம் பிரேக்கை மிதித்தார். "இது என் வண்டியோட மொத ட்ரிப்பு" என்றார், தனக்குத்தானே. அடுத்து கடுக்காய் மூட்டை. பிறகு பலாப்பழம், கோடை கோடையாக. நனைந்த ஆடு. தேன். காய்ச்சல் மருந்து. யாரோ ஒருத்திக்கு வண்டியிலேயே பிறந்த குழந்தையின் பச்சை வாசனை. மேலே எத்தனை வண்டி இருக்கிறதென்று அது சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே வண்டிதான். இந்த வண்டி இத்தனை வருஷமாக மலையில் விட்டதெல்லாம் மலையை விட்டுப் போகாமல் மடுவிலும் மரத்திலும் தங்கியிருந்திருக்கிறது. பதினைந்து வயசுக்கு மேல் எதுவும் ஓடக்கூடாது என்று டெல்லியில் சட்டம் போட்டதாகக் கேள்விப்பட்டதும், தனக்கும் வயசாகிவிட்டது என்று கணக்குப் பார்த்து, மூத்தது முன்னாலும் இளையது பின்னாலுமாக ஒழுங்காகக் கிளம்பிவிட்டது. சட்டத்தை அப்படி மதித்த ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கோகிலவாணி மேடம் கீழே இறங்கினார். பழக்கம் விடுமா? நடுரோட்டில் நின்று கையை உயர்த்தினார். இறங்கி வந்துகொண்டிருந்த மீதிப் புகையும் மலை உச்சிவரை அப்படியே நின்றது. ஒரு கீற்றுகூட அசையவில்லை.

"யாரோடது இது?" என்றார் மேடம்.

நான் கண்ணாயிரத்தின் காதில், "நம்முளுது இல்லன்னு சொல்லிடு. பேர் எழுதியா இருக்குது?" என்றேன். என் சாமைக் கவலை எனக்கு.

கண்ணாயிரம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஆமாம் என்றால் இத்தனை புகைக்கும் சொந்தக்காரர். அதற்கு மேல் வெள்ளிமலை போய் அளக்க என்ன இருக்கிறது? இல்லை என்றால் ஒருவேளை வண்டி பிழைக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குஞ்சம்மாள் இறங்கி, புகையின் அருகே போய் நின்றார். கனகாம்பரமும் மல்லியும் டீசலும் கலந்து, கூடவே கொஞ்சம் வாந்தியும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது.

"யோவ்" என்றார் குஞ்சம்மாள். "இது நான் கல்யாணம் கட்டிக்கினு வந்த அன்னிக்கு வுட்ட புகை. நம்ம அஞ்சாவது வளைவுல நான் வாந்தி எடுத்தது. இத நம்முளுது இல்லன்னு சொன்னா, நான் எந்த வண்டியில வந்தவ?"

கண்ணாயிரம் வண்டியை விட்டு இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எங்களுதுதாங்க மேடம். முழுசும்."

மேடம் உயர்த்திய கையை இறக்கினார். "உங்களோடதுன்னா நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். வழியில விட்டுட்டுப் போறதுக்குச் சட்டத்துல இடமில்லை" என்றார்.

கண்ணாயிரம் சைலன்சர் பக்கம் போய்க் குனிந்து, ஆட்டைப் பட்டியில் அடைக்கிறவர் மாதிரி நாக்கைத் தட்டினார். புகை திரும்பியது. அத்தனை பெரிய புகை, வரிசை கலையாமல், அந்தச் சின்னக் குழாய்க்குள் புகுந்தது. மலை உச்சியில் இருந்த வால் சுருண்டு இறங்கி வளைவுகளைக் கடந்து எங்களை உரசிக்கொண்டு போனபோது, என் வேட்டி பறந்தது. மேடம் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினார். கடைசிக் கீற்றும் உள்ளே போனதும், மரங்கள் கழுவிவிட்ட மாதிரி நின்றன. நான் அந்த மலையை அத்தனை பச்சையாக அதற்கு முன் பார்த்ததில்லை.

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். வண்டி கிளம்பியது. குலுங்கவில்லை.

"ரோடு இன்னா, இன்னிக்கு இவ்ளோ நைஸா போட்டுக்கினு கீறாங்க?" என்றார் கண்ணாயிரம்.

"ரோடு கீழ கீதுய்யா" என்றார் குஞ்சம்மாள்.

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். புகைக்கு மேலே போகிற குணம் உண்டல்லவா? இத்தனை வருஷப் புகையும் உள்ளே இருந்ததால் ஜீப் தரையை விட்டுவிட்டது. ஒரு முழம், அப்புறம் ஒரு ஆள் உயரம், அப்புறம் தேக்குமர உயரம். கண்ணாயிரம் ஒழுங்காக வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். எதிரே வந்த ஒரு பருந்து, ஏறுகிற வண்டி என்று பார்த்து ஒதுங்கியது.

அந்த உயரத்திலிருந்துதான் அதைப் பார்த்தோம். கீழே கோமுகி அணை ஒரு வெள்ளித் தட்டு. அதற்கு அப்பால் கரும்புக் கொல்லைகள். கள்ளக்குறிச்சி. இன்னும் தள்ளி, திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஒரு நூல். அதற்கும் அப்பால் உளுந்தூர்பேட்டைப் பக்கம் நாலுவழிச் சாலையில் லாரிகள் எறும்பு வரிசை. இத்தனைக்கும் மேலே, ஒரு பழுப்பு மூடி. பால் பானைமேல் ஆடை படிந்த மாதிரி, கீழ்நாடு முழுவதையும் அது மூடியிருந்தது. சூளைப் புகை, கரும்புச் சோகை கொளுத்தின புகை, லாரிப் புகை எல்லாம் கலந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. விழுப்புரம் மாவட்டம் எங்கே முடிகிறது, கள்ளக்குறிச்சி எங்கே ஆரம்பிக்கிறது என்று அதற்குத் தெரியவே இல்லை. எங்கள் தலைக்கு மேலே மட்டும் வானம், தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும்போல நீலமாக இருந்தது.

"வேலைக்கு வந்த நாள்லேருந்து அளக்கிறேன்" என்றார் மேடம் மெதுவாக. "குழாய் வாயில மட்டும்தான் பார்த்திருக்கேன். அது போய்ச் சேர்ற எடத்தை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"அது யாருதுன்னு கேட்டா ஒருத்தனாவது நம்முளுதுன்னு சொல்லுவானா மேடம்?" என்றார் கண்ணாயிரம்.

மேடம் வெள்ளிமலை வரும்வரை கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்தில் இறங்கினோம். இறங்கினோம் என்றால் நாங்கள் குதித்தோம். ஜீப் இடுப்பளவு உயரத்தில் நின்றது. முகாமுக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மேடம் முகாமை முடித்துக்கொண்டு வந்து கம்பியை நுழைத்து, "மிதிங்க" என்றார். கண்ணாயிரம் மிதித்தார். இயந்திரம் சுழியைக் காட்டியது. கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, மரியாதைக்காக அணைந்துவிட்டது.

கண்ணாயிரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தேறிடுச்சா மேடம்?"

"புகை தேறிடுச்சு. பிரேக் பாக்கணும். சக்கரம் தரையில படாத வண்டிக்கு எப்படிப் பிரேக் பாக்கறது? பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சூரியன் போனால் எஃப்.சி.யும் போகும். நான் ஏறி உட்கார்ந்தேன். ஜீப் சட்டை செய்யவில்லை. பலாப்பழங்களை ஏற்றினார்கள். ஒரு விரல்கடை இறங்கியது. கண்ணாயிரம் வண்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

குஞ்சம்மாள் விறுவிறுவென்று பக்கத்தில் நின்ற பஸ்ஸுக்குப் போனார். உள்ளே ஊருக்குத் திரும்பும் பெண்கள்.

"எறங்குங்கடி எல்லாரும். எங்க வூட்டு வண்டியில ஏறுங்க."

"அங்க டிக்கெட் கேப்பானே உன் வூட்டுக்காரன்?" என்றாள் உள்ளேயிருந்த லட்சுமியம்மாள்.

"இன்னிக்கு அவனும் சும்மாதான்டி. ஏறு."

"இடுப்பு கழண்டு பூடும்னு நீதானே சொன்ன?"

"கழண்டா நான் மாட்டி வுடறேன். ஏறுடி!"

பெண்கள் சிரித்துக்கொண்டு, கூடையும் பிள்ளையுமாக ஏறினார்கள். ஜீப் மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கி, சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளி விட்டு நின்றுவிட்டது. இனி ஏற ஆளில்லை. கிழக்கே நிழல் நீண்டுவிட்டது.

குஞ்சம்மாள் என்னைப் பார்த்து, "பெரியவரே, கொஞ்சம் பின்னால போங்க" என்றார். நான் எழுந்தேன். சர்க்கார் பஸ்ஸில் டிக்கெட் இல்லையென்று ஆன நாளிலிருந்து உட்காராத அந்த முன்சீட்டில், புருஷனுக்குப் பக்கத்தில், அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு சக்கரமும் தரையைத் தொட்டன. அந்தச் சத்தத்தை இப்போதும் கேட்கிறேன்.

கண்ணாயிரம் ஓட்டினார், மேடம் கைகாட்டினார், பிரேக் பிடித்தது. கைகாட்டிய இடத்தில் நின்றது. மேடம் கையெழுத்துப் போட்டபோது பெண்கள் போட்ட குலவை, அணைக்கட்டுவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கண்ணாயிரத்தின் ஜீப் அன்று காலை கள்ளக்குறிச்சியில் புகைச் சோதனையில் தோற்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பழைய இரும்புக் கடையில் அதைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். இதை எழுதி முடித்த பிறகு அணைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று நான் போய்ப் பார்க்கவில்லை.